பெரிய நம்பரும் நின்றுபோன படமும்

நான் கிராபிக்ஸ் கார்டு விற்றுப் பிழைத்தவள் என்று சொன்னால், என் சொந்த ஊரான ஆவூரில் இன்றும் சிலர், "அது ரேசன் கார்டா, ஆதார் கார்டா?" என்று கேட்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர், மருமகள் பெயரைக் கார்டில் சேர்க்க எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் விசாரித்ததும் உண்டு. தெரிந்த மட்டும் சொல்லி அனுப்பினேன். கடையில் நின்றே காலம் கழித்தவளுக்கு, கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை.

இப்போது கடையில் நிற்கிற தம்பி தங்கைகளான உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்களிடம் வருகிறவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார். கையில் போன், போனில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் பழைய கார்டு, வலப்பக்கம் புதிய கார்டு. எந்த வரியில் எது ஜெயித்ததோ அதற்குப் பச்சை நிறம். மனிதர் தேர்தல் முடிவு பார்ப்பதுபோல் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு, "புதுசுதான்க்கா லீடிங்" என்பார்.

பழைய கார்டையும் புதிய கார்டையும் எப்படி ஒப்பிடுவது என்று எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டீர்கள். அட்டவணை போடுகிற வேலையை உங்கள் போனே என்னைவிட நன்றாகச் செய்கிறது. அதனால் நான் ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

கீரமங்கலத்தில் கருப்பன் ஸ்டூடியோ என்று ஒன்று. கருப்பன் அண்ணனுக்கு என்னைவிட வயது குறைவு. ஆனாலும் ஸ்டூடியோ வைத்திருப்பவரை அண்ணன் என்று கூப்பிடுவது நான் வேலை பார்த்த புதுக்கோட்டைக் கம்ப்யூட்டர் கடையின் மரியாதை. சுற்றுப்பட்டில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எது நடந்தாலும் அவர் கேமரா இருக்கும். தன் பொருள் எதுவும் தொலையக்கூடாது என்று எல்லாவற்றின் மேலும் 'கருப்பன் ஸ்டூடியோ' என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். கேமரா ஸ்டாண்டில் இருக்கும், குடையில் இருக்கும், சாப்பாட்டுக் கேரியரில் இருக்கும். கணினிக்குள் யாருமே பார்க்க முடியாத இடத்தில் கிடந்த, திரையில் படம் ஓட வைக்கிற கிராபிக்ஸ் கார்டின் மேலும் இருந்தது.

அந்தக் கார்டு பழையது. அதன் வர்க்கத்தில் ஒரு காலத்தில் மேல்தட்டு. செங்கல் கனம். அயர்ன் பாக்ஸ் மாதிரி கரண்ட் இழுக்கும், மிக்சி மாதிரி சத்தம் போடும். மழைக்காலத்தில் ஸ்டூடியோப் பையன்கள் அதன் பக்கத்தில் ஈரச் சட்டையைக் காயப்போடுவார்கள் என்று கேள்வி. ஆனால் கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் செய்யும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மண்ணை அள்ளிப் போட்டது கறம்பக்குடிக் கடைத்தெருவில் வைத்த ஒரு பிளக்ஸ். அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கிற ரஹீம் பாய், கருப்பனுக்குத் தொழில் போட்டிக்காரர். 'புதிய தலைமுறை கிராபிக்ஸ் கார்டு மூலம் உங்கள் இல்ல விழா!' என்று போட்டு, கபடியில் கோப்பை வாங்கியவர் போலக் கார்டுப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய் சிரித்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார்கள்.

மறுநாளே கருப்பன் தன் கணினிப் பெட்டியோடு எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

"அக்கா, பாய்கிட்ட இருக்கிறதவிட ஒரு நம்பராச்சும் கூட இருக்கணும்."

"எதுலண்ணே கூட இருக்கணும்?"

"நம்பர்லதான்."

நான் உட்காரச் சொன்னேன். கார்டின் பெயரில் வருகிற நம்பரில் முன்னால் இருப்பது அது எந்தத் தலைமுறையில் பிறந்தது என்பதைச் சொல்லும். பின்னால் இருப்பதுதான் அது எந்தப் பதவியில் இருக்கிறது என்பதைச் சொல்லும். அதை இப்படி விளக்கினேன்: "இப்ப ஒங்ககிட்ட இருக்கிறது முன்னாடியே வேலைக்குச் சேர்ந்த தாசில்தாரு. நீங்க கேக்குறது நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆபீஸ் அசிஸ்டென்ட். புதுசா வந்தவருங்கிறதுக்காக அவரு பட்டாவுல கையெழுத்துப் போட முடியுமா?"

கருப்பன் யோசித்தார். "தாசில்தாரு ரிட்டையர் ஆயிருவாருல்லக்கா?"

உதாரணம் சொல்லி விளக்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

கல்லாவிலிருந்து முதலாளி கழுத்தை நீட்டினார். "அண்ணனுக்கு எது புடிச்சிருக்கோ அதக் குடும்மா. எதுக்கு வியாக்கியானம்?" முதலாளிக்குக் கணினியைப் பற்றி ஒரே ஒரு கொள்கை இருந்தது. பெட்டியில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை.

நான் விடவில்லை. இரண்டு கார்டையும் கடை மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். இரண்டிலும் நினைவகம் ஒரே அளவுதான். ஆனால் அந்த நினைவகத்துக்குப் போய்வருகிற பாதை பழையதில் நாலுவழிச் சாலை, புதியதில் ஒற்றைத் தடம். மதர்போர்டில் சொருகுகிற இடத்தில் புதிய கார்டுக்கும் முழு நீளத்துக்குத் தங்கப்பட்டை பளபளத்தது. ஆனால் உள்ளே தொடர்பு இருந்தது அதில் கால்வாசிக்குத்தான். மண்டப வாசலில் பெரிய வளைவு வைத்துவிட்டு உள்ளே ஒரு வரிசை நாற்காலி மட்டும் போட்ட மாதிரி. புதியதற்கும் நல்ல குணங்கள் உண்டு, மறைக்கக்கூடாது. சூடாகாது, கரண்டை மிச்சம் பிடிக்கும், சத்தமே வராது.

"நீங்க எடுத்த கல்யாண வீடியோ எதாச்சும் பென்டிரைவ்ல வச்சிருக்கீங்களா? அதப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

"அதுல என்னக்கா தெரியப்போகுது? அந்தச் சண்டை வெளையாட்டப் போடுங்க."

போட்டேன். திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று ஓடுகிற எண்ணைப் பார்த்துக் கருப்பன் மெய்மறந்தார். வாழ்க்கையில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுகூட ஆடியிராத மனிதர், இல்லாத எதிரிகளைப் புதிய கார்டு எவ்வளவு வேகமாகச் சுடுகிறது என்பதை வைத்துக் கீரமங்கலத்துக் கல்யாணங்களின் எதிர்காலத்தை முடிவு செய்தார். மூன்று விசிறி, அதில் மூன்று நிறத்தில் விளக்கு வேறு.

கடைசியாக ஒன்று சொன்னேன். இதை நீங்களும் கவனியுங்கள். அட்டவணையில் பச்சையும் சிவப்பும் இல்லாமல், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். நம் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கோடு என்றால் 'இது இதில் கிடையவே கிடையாது' என்று பொருள். அந்தப் புதிய கார்டில் கோடு விழுந்திருந்த இடம் வீடியோ என்கோடர். கேமராவில் வருகிற படத்தை இன்டர்நெட்டில் நேரலையாக அனுப்ப வேண்டுமானால் அதை நொடிக்கு நொடி சுருக்கித் தள்ள வேண்டும். அதைச் செய்கிற பகுதி அது. பழைய கார்டில் இருந்தது. புதியதில் செலவைக் குறைக்க அதைக் கழற்றிவிட்டு விளக்கை வைத்திருந்தார்கள்.

"அண்ணே, இது நேரலைக்கு ஆகாது. பின்னாடி வந்து ஏன் சொல்லலன்னு கேக்கக்கூடாது."

"நான் எங்கக்கா நேரலை போடுறேன்? நம்ம பக்கம் எல்லாரும் நேர்லதான் வாராங்க."

பழைய கார்டையும், அதற்குக் கரண்ட் கொடுத்த பெரிய பவர் சப்ளையையும் எங்களிடம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, புதியதோடும் அதற்கேற்ற சின்ன பவர் சப்ளையோடும் போனார். முதலாளி அவரை வாசல்வரை போய் வழியனுப்பினார். அதன் பிறகு கல்யாண வீடியோவை முடித்து எடுக்க முன்பைவிட அதிக நேரம் ஆனதாம். "புதுசுல்ல, பழகட்டும்" என்று கருப்பன் பையன்களிடம் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் கடைக்குள் வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, குனிந்து, கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினார். ரஹீம் பாய்.

"அக்கா, பழைய கார்டு எதுவும் கெடக்கா? நேரலைக்குச் சரிவரணும்."

"ஒங்ககிட்டத்தான் புதிய தலைமுறை இருக்கே பாய். கடைத்தெருவுல பாத்தேன்."

பாய் கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டார். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் நிக்காஹ் என்றால் வளைகுடாவில் இருக்கிற பாதிக் குடும்பத்துக்கு நேரலை போட்டாக வேண்டும். பிளக்ஸில் பிடித்த கார்டைத் தன் ஸ்டூடியோவில் வைத்துச் சோதித்தபோதே குட்டு உடைந்துவிட்டது. அவர் வாங்கியதும் கருப்பன் வாங்கிய அதே குடும்பத்துப் பிள்ளைதான், அதற்கும் அதே இடத்தில் கோடு. "பிளக்ஸ எறக்குனா மானம் போயிரும். ஏத்தி வச்சா பொழப்பு போயிரும்" என்றார்.

எங்களிடம் அப்போது அதற்குப் பொருத்தமாக இருந்தது ஒரே ஒரு கார்டுதான். எடுத்து மேசையில் வைத்தேன். அதன் முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு ஹெல்மெட்டுக்குள் பாய் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டது. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. கருப்பன் காதுக்குப் போச்சுன்னா நான் கறம்பக்குடியில தலைகாட்ட முடியாது."

"சொல்ல மாட்டேன்" என்றேன். ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனவரைத் தடுத்தேன். அதன் பாதி கார்டின் சீரியல் நம்பர் மேல் ஒட்டியிருந்தது, கிழித்தால் நம்பரும் சேர்ந்து வந்துவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மேலே ஒட்டி மறைத்துக்கொண்டு போனார்.

ஆக, ஒருவரை ஒருவர் முந்துவதற்காக இரண்டு பேரும் வாங்கிய கார்டால் இருவருக்கும் பயனில்லை. வேண்டாம் என்று ஒருவர் தள்ளிவிட்டது இன்னொருவருக்குச் சோறு போட்டது. இது எனக்கு மட்டும் தெரியும். இந்தத் தொழிலில் இப்படி நிறைய விஷயம் நமக்கு மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு வாயை மூடி இருப்பதுதான் பெரிய வேலை.

எங்கள் கடையில் முன்பு பில் போட்டுக்கொண்டிருந்த தமிழரசியின் மகளுக்குக் கீரமங்கலத்தில் கல்யாணம். தமிழரசியின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் மாட்டிக்கொண்டது, ஆள் வர முடியவில்லை. ஒரே மகள். தேதியைத் தள்ள மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. "நேரலை போட்டுரலாம், அவரு அங்கிருந்தே பாக்கட்டும்" என்று முடிவு. யார் போடுவது? உள்ளூர்க் கருப்பன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பன் ஒப்புக்கொண்டுவிட்டார். விளையாட்டில் அத்தனை பேரைச் சுட்ட கார்டு, ஒரு கல்யாணத்தைக் காட்டாதா என்ற நம்பிக்கை.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருக்கும்போது நான் மண்டபத்துக்குப் போய்விட்டேன். கல்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன், கருப்பன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறார்.

"அக்கா, நல்லவேளை வந்தீங்க. படம் நின்னு நின்னு போகுது. இப்ப நின்னே போச்சு."

மேடைக்குப் பக்கத்தில் அவர் கணினி. மூன்று நிற விளக்கும் குறைவில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மூன்று கேமராவின் படத்தையும் கலந்து, மண்டபத்துப் பெரிய திரைக்கும் கொடுத்து, நேரலைக்காகச் சுருக்கவும் வேண்டும். சுருக்குகிற வேலை கணினியின் மூளையான பிராசஸர் தலையில் விழுந்து அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நேரலையில் போன கடைசிப் படம் பெண்ணின் தாய்மாமன். கொட்டாவி விட ஆரம்பித்த நேரத்தில் படம் நின்றுபோனதால், தொண்டைவரை தெரிகிற மாதிரி வாயைத் திறந்தபடி குவைத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

தமிழரசி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பேச்சு மட்டும் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அவள் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"தமிழு, ரூம்ல எல்லாரும் குளிச்சு, வேட்டி கட்டி உக்காந்திருக்கோம். டிவியில மாட்டிருக்கு. மச்சான் இன்னமும் கொட்டாவிதான் விட்டுக்கிட்டு இருக்காரா?"

தாய்மாமன் என்னிடம் வந்து, "என்னைய மட்டுமாச்சும் மாத்துங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

நெருக்கடி வந்தால் யோசனை சொல்கிறவர்கள் எங்கிருந்துதான் வருவார்களோ. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னவர்கள் ஒரு பந்திக்கு இருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா மகன் வீடியோ காலில் காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினான். மண்டபத்தில் இருந்த அத்தனை போனுக்கும் நடுவே சிக்னல் நூலாகப் போய், குவைத்துக்காரர்கள் மின்விசிறியை மட்டும் பார்த்தார்கள். கருப்பனோ, "புது அப்டேட் ஒண்ணு வந்திருக்குக்கா, போட்டுருவோமா?" என்றார். அவர் கையை மவுசிலிருந்து எடுத்து அப்பால் வைத்தேன். தம்பி தங்கைகளே, மேளக்காரர் வந்து உட்கார்ந்த பிறகு அப்டேட் போடுகிற ஆசை உங்களுக்கும் வரும். வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

இருக்கிறதைக் குறைத்துப் பார்த்தேன். மூன்று கேமராவை ஒன்றாக்கினேன். போதவில்லை. படத்தின் தரத்தை இறக்கினேன், இன்னும் இறக்கினேன். இப்போது படம் நகர்ந்தது. ஆனால் பெண் எது, குத்துவிளக்கு எது என்று அடையாளம் தெரியவில்லை.

"ஏதோ மஞ்சளாத் தெரியுது. அதான் புள்ளையா?" என்று போனில் கேட்டார்.

தமிழரசி என்னைப் பார்த்தாள். "பரவால்லக்கா, இது போதும்னு சொல்லிருவோம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போதாது என்பது எனக்கும் தெரியும். கருப்பன் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "என் பழைய கார்டு ஒங்க கடையிலதானேக்கா இருக்கு? கார் அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"இல்லண்ணே. வித்துப்போச்சு."

"யாருக்கு?"

கார்டு ஒப்பீட்டில் எந்த அட்டவணையிலும் இல்லாத வரி இது. சொன்னால், என்னை நம்பி ஹெல்மெட்டோடு வந்த மனிதருக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால், ஒரு தகப்பன் மகள் கல்யாணத்தில் மஞ்சள் புள்ளியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். பிறகுதான், இதில் முடிவெடுக்க வேண்டியவள் நான் இல்லை என்று தோன்றியது. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் போய் ரஹீம் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஒரு உதவி கேக்குறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." நடந்ததைச் சொன்னேன்.

பாய் முதலில் கேட்டது, "கருப்பனுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரியாது. நீங்க வேணாம்னா இனியும் தெரியாது."

"பொண்ணப் பெத்த அத்தா எங்க இருக்காருன்னீங்க?"

"குவைத்துல."

"என் நிக்காஹ் அன்னிக்கு எங்க அத்தா சவுதியில இருந்தாருக்கா. வீடியோ கேசட்ட சவுதிக்குப் போன ஆள்கிட்டக் குடுத்துவிட்டோம். அது போயிச் சேருறதுக்குள்ள என் மூத்தவன் வயித்துல வந்துட்டான்." அடுத்த மூச்சில் காரியத்துக்கு வந்தார். "கார்டு மட்டும் கொண்டாந்தா அங்க வந்து ஏறுமா ஏறாதான்னு நிக்கணும். கரண்டு வேற பத்தாது. முழுப் பெட்டியையும் தூக்கிட்டு வாரேன். நீங்க ஒயரெல்லாம் ரெடியா எடுத்து வைங்க."

பாருங்கள், அந்த அவசரத்திலும் மனிதர் எவ்வளவு சரியாக யோசித்தார். கருப்பனின் பெட்டியில் புதிய கார்டுக்குத் தகுந்த சின்ன பவர் சப்ளைதான் இருந்தது. பழைய கார்டை அதில் போட்டிருந்தால் மண்டபமே பார்க்க அணைந்திருக்கும்.

நான் உள்ளே வந்து, "வேற மெஷின் வருதுண்ணே" என்றேன்.

"யாரோடது?"

"வந்தவுடனே தெரியும்."

மாப்பிள்ளையை அழைத்து உட்கார வைத்தாயிற்று. ஐயர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை என்னைப் பார்த்தார். பெண்ணைக் கூட்டி வரச் சொன்ன நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பின்சீட்டில் கணினிப் பெட்டி, சின்னப் பிள்ளையை உட்கார வைத்த மாதிரி சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ரஹீம் பாய் அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். இந்த முறை ஹெல்மெட் இல்லை.

கருப்பன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. கீரமங்கலத்தில், தன் சொந்தக் கோட்டையில், பாதி ஊர் பார்க்க, போட்டிக்காரர் காப்பாற்ற வருகிறார். அது போதாதென்று பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. வெயிலிலும் சூட்டிலும் உள்ளே இருந்த கறுப்பு டேப் இளகி ஒரு பக்கம் தொங்கியது. அதன் அடியிலிருந்து 'ப்பன் ஸ்டூடியோ' என்ற எழுத்து வெளியே எட்டிப் பார்த்தது.

கருப்பன் குனிந்து படித்தார். நிமிர்ந்து பாயைப் பார்த்தார். பாய் மேலே மின்விசிறியைப் பார்த்தார். நான் கல்கண்டைப் பார்த்தேன்.

"அண்ணே, பெறகு சண்டை போட்டுக்கங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கருப்பன் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாய், மெயின் கேமரா ஒயர எங்கிட்டுச் சொருகுறது?"

"மேல இருக்கிற ஓட்டையில. அது இல்ல கருப்பா, அதுக்கு அங்கிட்டு."

இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். பாய் பட்டனை அழுத்தினார். மிக்சி சத்தம் கிளம்பியது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காதுக்கு அன்று நாதஸ்வரத்தைவிட அது நன்றாக இருந்தது.

மேளம் ஓங்குவதற்குச் சற்று முன்னால் தமிழரசியின் போனில் குவைத்து அறை முழுவதும் சத்தம் போட்டது. "வந்துருச்சு! வந்துருச்சு!" பிறகு அவள் வீட்டுக்காரர் எல்லாரையும் அதட்டி அமர்த்துவது கேட்டது. தாலி ஏறியது. போனில் ஒன்றுமே கேட்கவில்லை. தமிழரசி பயந்துபோய், "ஏங்க, தெரியுதா? தெரியுதாங்க?" என்றாள்.

"தெரியுது." குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "தாவாக்கட்டையில அந்தத் தழும்பு தெரியுது தமிழு. சைக்கிள்ல நான் கூட்டிட்டுப் போயிக் கீழ போட்டேன்ல, அது."

கேமராவைப் பிடித்திருந்த கருப்பனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். லென்சைத் திருப்பிப் பெண்ணின் முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வெகு நேரம் அவர் வேறு எதையுமே காட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதற்காகக் கோபித்துக்கொண்டது தனிக் கதை.

பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். நான் எதிர்வரிசை. கருப்பன் பொரியலை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "பாய், அப்ப அந்தப் பிளக்ஸ்ல புடிச்சிருந்தீங்களே, அது?"

"வீட்டுல புள்ளைக வெளையாடுதுக. நல்லா ஓடுது."

"என்னோடதையும் தாரேன், சேத்து வச்சு வெளையாடச் சொல்லுங்க."

பாய் சிரித்ததில் புரை ஏறிவிட்டது. கருப்பன் தன் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பாய் என்னை அவர் காரிலேயே ஆலங்குடிவரை கொண்டுவந்து விட்டார். "வாக்குக் குடுத்துட்டு இப்படி ஆயிப்போச்சு பாய்" என்றேன்.

"நீங்க எங்கக்கா சொன்னீங்க? கேக்கத்தானே செஞ்சீங்க" என்றார். இந்த வித்தியாசத்தை எந்த ட்ரெயினிங்கிலும் சொல்லித் தரமாட்டார்கள். வாடிக்கையாளரின் ரகசியம் அவருடையது. அதைத் திறக்க வேண்டிய நிலை வந்தால் சாவியை அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் நல்லது. ஆனால் கல்யாணத்தில் நடந்தது கீரமங்கலம் சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து மாவட்டம் முழுக்கப் பரவியது. பரவும்போது அதில் என்கோடர் உதிர்ந்துபோனது, குவைத்துக்காரரும் உதிர்ந்துபோனார். மிஞ்சியது ஒன்றே ஒன்று: பழசுதான் ஒஸ்தி.

வருகிறவர்கள் எல்லாரும் பழைய கார்டு கேட்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு பழையதோ அவ்வளவு மரியாதை. ஒருவர் முகர்ந்து பார்த்து வாங்கினார். முதலாளி, குடோனில் செத்துக் கிடந்த கார்டுகளைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் அடுக்கி, புதியவற்றைக் கீழே இறக்கினார். "இதுல பாதிக்கு உசுரே இல்ல சார்" என்றேன். "கேக்குறவங்களுக்குத்தானேம்மா குடுக்குறோம்" என்றார். அதுவரை பழையதற்காக வாதாடியவள், அன்றிலிருந்து புதியதற்கு வக்கீல் ஆனேன். விளையாட்டுக்கு என்று வந்த கல்லூரிப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து, "தம்பி, புதுசும் மோசமில்லப்பா, கரண்டு பில்லப் பாரு" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்தக் களேபரத்துக்கு நடுவே ஒரு நாள், ரவிக்கைக்கு எம்பிராய்டரி டிசைன் போடுகிற ஒரு பெண் தன் கணினியோடு வந்தாள். நம்பர் எதுவும் சொல்லவில்லை, போனையும் நீட்டவில்லை. "அக்கா, காலையில இருந்து சாயங்காலம்வரை பூ, மயில், மாங்கா வரைவேன். மத்தியானத்துக்கு மேல மெஷின் ரொம்பத் தெணறுது. இதுக்கு என்ன செய்யலாம்?" என்றாள். இத்தனை வருடத்தில் முதலில் வேலையைச் சொல்லிவிட்டுப் பிறகு வாய் மூடிக் காத்திருந்த வாடிக்கையாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம் போல இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். விசிறி முழுக்கப் பட்டுநூல். இடுக்கியால் எடுத்து, தூசியை ஊதி, சூடு தணிக்கிற பசையைப் புதிதாகத் தடவி மூடிக் கொடுத்தேன். மத்தியானம்வரை கடையிலேயே வைத்து ஓட்டிக் காட்டினேன். மயில் தோகை தடங்கல் இல்லாமல் விரிந்தது.

"கார்டு எதுவும் மாத்த வேணாமாக்கா? பழசோ, புதுசோ?"

"ஒண்ணும் வேணாம் தங்கச்சி. எடுத்துட்டுப் போ."

அவள் சந்தோஷமாகப் போனாள். முதலாளி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கடையில் எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கு மட்டும் அவர் டீ சொல்லவில்லை.